டேவிட் ஸ்டெர்னும் வீரர்களின் பங்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டு வணிகத்தைப் பற்றி எழுதுவோர் அமெரிக்கக் கூடைப்பந்து அமைப்பான என்பிஏவின் ஆணையராக இருந்த டேவிட் ஸ்டெர்னை முன்னோடியாகக் காட்டுவதுண்டு. ஆனால் மைக்கேல் ஜோர்டனின் புகழையும் ஒளிபரப்பு வருவாயையும் விரிவாகச் சொல்பவர்கள், ஸ்டெர்னின் பணிவாழ்வுக்கே அடித்தளமாக அமைந்த ஓர் ஒப்பந்தத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். வீரர்களுக்கு வருவாயில் பங்கு தந்த அந்த ஒப்பந்தம் நம் ஐபிஎல்லுக்கும் வேண்டியது என்பதால் இதை எழுதுகிறேன்.

1942இல் நியூயார்க்கில் பிறந்த ஸ்டெர்ன், தந்தை மன்ஹாட்டனில் நடத்திவந்த உணவுக்கடையில் இளம் வயதில் வேலை பார்த்தவர். சட்டம் படித்து, என்பிஏவின் வழக்குகளைக் கவனித்துவந்த நிறுவனத்தில் சேர்ந்து, 1978இல் அந்த அமைப்பின் தலைமைச் சட்ட அலுவலரானார். அன்று என்பிஏவுக்கு இருந்த மதிப்பு இவ்வளவுதான்: 1980 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், அறிமுக ஆண்டிலேயே மேஜிக் ஜான்சன் 42 புள்ளிகள் எடுத்து லேக்கர்ஸ் அணிக்குக் கோப்பையை வென்று தந்தபோது, நாட்டின் பெரும்பகுதியில் அந்த ஆட்டம் நேரலையாகக் காட்டப்படவில்லை, பதிவுசெய்து இரவு வெகுநேரம் கழித்தே ஒளிபரப்பினார்கள். பல அணிகள் நட்டத்தில் இருந்தன. வீரர்களின் போதைப் பழக்கம் செய்தித்தாள்களில் அடிபட்டது.

இந்த நிலையில்தான் 1983இல், வேலைநிறுத்தம் வரப்போகிறது என்ற நெருக்கடிக்கு நடுவே, ஸ்டெர்ன் உள்ளிட்ட நிர்வாகிகளும் லாரி ஃப்ளெய்ஷர் வழிநடத்திய வீரர்கள் சங்கமும் உட்கார்ந்து பேசினார்கள். ஒவ்வோர் அணியும் சம்பளத்துக்குச் செலவிடும் தொகைக்கு உச்சவரம்பு விதிக்க வீரர்கள் இணங்கினார்கள்; அதற்கு ஈடாக, அமைப்பின் வருவாயில் 53 விழுக்காடு வீரர்களுக்கு என்று உரிமையாளர்கள் எழுதிக்கொடுத்தார்கள். 1984-85 பருவத்தில் உச்சவரம்பு 36 லட்சம் டாலராக நடைமுறைக்கு வந்தது. வருவாய் கூடினால் சம்பளமும் கூடும் என்றானதால், ஆட்டத்தை வளர்ப்பதில் வீரருக்கும் உரிமையாளருக்கும் ஒரே அக்கறை பிறந்தது. 1984 பிப்ரவரியில் ஆணையரான ஸ்டெர்ன், முப்பது ஆண்டுகளில் 23 அணிகளை 30 ஆக்கினார். பெண்களுக்கான டபிள்யூஎன்பிஏவும் அவர் காலத்தில்தான் தொடங்கியது. இவை எல்லாவற்றுக்கும் முதலாக இருந்தது அந்த ஒப்பந்தமே என்பது என் உறுதியான கருத்து.

1991 நவம்பரில் தமக்கு எச்ஐவி தொற்று இருப்பதை ஜான்சன் அறிவித்தபோது ஸ்டெர்ன் அந்த மேடையில் உடனிருந்தார். தொட்டாலே பரவும் என்று மக்கள் அஞ்சிய காலம் அது. மூன்று மாதங்களில், முன்னணி வீரர்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டத்தில் ஜான்சன் களமிறங்க ஸ்டெர்ன் இடமளித்தார். 25 புள்ளிகள் எடுத்த ஜான்சனே ஆட்டநாயகனும் ஆனார். ஒரு நிர்வாகியின் தகுதியை நான் இத்தகைய முடிவுகளில்தான் பார்க்கிறேன்.

அவருடைய குறைகளையும் மறைக்கக் கூடாது. 41 ஆண்டுகள் சியாட்டிலில் இருந்த அணி 2008இல் ஓக்லஹோமா சிட்டிக்குப் போனதை அவர் தடுக்கவில்லை. அந்த ஊர் ரசிகர்களின் கோபம் முழுக்க நியாயமானது. 2011இல் கதவடைப்பு நடத்தி, 57 விழுக்காடாக உயர்ந்திருந்த வீரர்களின் பங்கை வருவாயில் ஏறக்குறைய 50 விழுக்காடாகக் குறைத்தார். ஆயினும் அந்தக் குறைப்புக்கும் வீரர்கள் சங்கத்தின் கையொப்பம் தேவைப்பட்டது.

ஐபிஎல்லில் உச்சவரம்பு உண்டு. கையொப்பமிடச் சங்கம்தான் இல்லை. 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமம் 48,390 கோடி ரூபாய்க்கு, அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 9,600 கோடிக்கு மேல் விற்கப்பட்டது. 2025 பருவத்துக்கான ஏலத்தில் ஓர் அணியின் உச்சவரம்பு 120 கோடி. பத்து அணிகளுக்கும் சேர்த்து 1,200 கோடி. களமிறங்கும் வீரருக்கு ஆட்டத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் ஊதியம் தனி என்றாலும், அதையும் கூட்டினால்கூட இடைவெளி பெரிதாகவே இருக்கிறது. 2019இல் அமைந்த இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வுபெற்றவர்களுக்கானது. இன்று களத்தில் இருப்பவர்களுக்காகப் பேச எவரும் இல்லை. சில கோடிகளுக்கு ஏலம் போகிறவர் சமாளித்துக்கொள்வார். அடிப்படை விலைக்கு எடுக்கப்பட்டு, ஓர் ஆட்டத்திலும் இறங்காமல் அடுத்த ஆண்டே விடுவிக்கப்படும் இளைஞருக்கு யார் பேசுவார்கள்?

அடுத்த ஏலத்தின்போது, யார் எத்தனை கோடிக்குப் போனார் என்ற பட்டியலோடு, அந்த உச்சவரம்பை யார், எந்தக் கணக்கில் முடிவு செய்தார்கள் என்பதையும் தங்கள் விளையாட்டுப் பக்கம் கேட்டு எழுத வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சி.