குசினிப் பின்கதவு

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். தண்ணீர் மோட்டார் பழுது, தம்பிக்கு லீவு கிடைத்தால் அடுத்த கிழமை திருத்துவான். நேரத்துக்குச் சாப்பிடு மனே.

நீ கம்ப்யூட்டரில் கட்டி அனுப்பிய நம் பழைய வீட்டைப் பார்த்தோம். போனைத் திருப்பத் திருப்ப வீடும் திரும்புகிறது. முற்றத்தில் நின்று நான் சுற்றுவதைப் பார்த்து அடுத்த வீட்டு மாமிக்குச் சிரிப்பு. அப்புறம் அவவும் வாங்கிப் பார்த்தா. விறாந்தைத் தூணைக் கண்டதும் போனை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டா. 2004 மார்கழி 26 கடல் பொங்கி வந்த பிறகு நாவலடி வீட்டின் ஒரு போட்டோகூட நமக்கு மிஞ்சவில்லை. இவ்வளவையும் என்னிடம் கேட்டுக் கேட்டே கட்டியிருக்கிறாய். கோயிலில் எல்லாருக்கும் சொன்னேன்.

கிணறு அச்சொட்டு. தம்பி வெயிலில் சுற்றிச் சுற்றி எடுத்த படங்களல்லவா! ஒரு படத்தில் இருப்பதில் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் விழ வேண்டும் என்று அவனை நீ படுத்திய பாடு கொஞ்சமா? கட்டும் வெடிப்பும் பாசியும் அப்படியே வந்திருக்கின்றன. தண்ணீர்தான் ஓட்டை ஓட்டையாய் நிற்கிறது. மினுங்குவதும் அசைவதும் கம்ப்யூட்டருக்குப் பிடிபடாதாமே. பிடிபடாவிட்டால் விடு, அதை நோண்டிக்கொண்டு இரவெல்லாம் முழித்திருக்காதே.

பாடுமீன் சத்தத்தை ஏன் விறாந்தைக்குள் விட்டாய்? அது நிலவு நாளில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மற்ற நுனியில் காதை வைத்தால் கேட்பது. நம் வீட்டில் கேட்டது கடல். இரவு பகலாய்க் கடல்தான். வெளிநாட்டுக்காரருக்கு மட்டக்களப்பு என்றால் பாடுமீன் வேண்டுமாக்கும். கடலை வைக்க உனக்கு மனம் வரவில்லை என்றால் விளங்குகிறது. ஆனால் இதை எடுத்துவிடு.

வீட்டில் ஆட்கள் ஒருவரும் இல்லை. அது சரி. சின்னவளின் பாய் மட்டும் சுவரோடு சுருட்டிச் சாத்தியிருக்கிறது. அதை நான் உனக்குச் சொன்ன ஞாபகம் இல்லை.

கண்காட்சி முடிந்த பிறகும் இரவில் அந்த வீட்டைக் காட்டுகிற கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு நெடுநேரம் அதற்குள்ளேயே இருக்கிறாய் என்று மாமா மகன் சொன்னான். நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, நித்திரையைக் கெடுக்காதே.

வீடு கட்டுகிற நாளில் விடிந்தால் போன் எடுப்பாய். யன்னல் எந்தப் பக்கம், படி எத்தனை, தண்ணீர்ப்பானை எங்கே இருந்தது. வீடு முடிந்தது, போனும் நின்றுவிட்டது. மேசன்மார்கூட வேலை முடிந்த பிறகு ஒருதரம் வந்து எட்டிப் பார்ப்பார்கள். இப்போது நாங்கள் திராய்மடுவில் இருக்கிற இந்த வீட்டுக்கும் யன்னல் இருக்கிறது, படி இருக்கிறது. ஒருநாள் வந்து இதையும் படம் எடுவன். உன் அறையில் அப்பாவின் வலை கிடக்கிறது, ஒதுக்கித் தருவேன். சாப்பாடு மட்டும் நேரத்துக்கு.

இன்னொன்று. நாவலடியில் நம் குசினிக்குப் பின்கதவு ஒன்று இருந்தது. நீ வைக்கவில்லை, என்னிடம் கேட்கவும் இல்லை. அது எந்தப் பக்கம் திறக்கும், தாழ்ப்பாள் எப்படி, அதை யார் எப்போதும் திறந்துபோட்டுவிட்டு ஓடுவாள் என்பதையெல்லாம் கடிதத்தில் எழுதமாட்டேன். நீ எடுத்தால் சொல்கிறேன். ஞாயிறு விடிய எடு, அப்பா கடலுக்குப் போகமாட்டார்.

அம்மா