அந்த 34 வாரம்: திருப்பூர் பனியன் கம்பெனி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பின்னலாடை நிறுவன உரிமையாளர்களுக்கும், மனிதவள மேலாளர்களுக்கும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

போன வாரம் ஒரு பெரிய கம்பெனியின் குழந்தைகள் காப்பக வாசலில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. ‘ஒரு வயது நிரம்பிய, நடக்கத் தெரிந்த குழந்தைகளுக்கு மட்டும் அனுமதி.’ கீழே முத்திரையும் உண்டு. அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். இதே விதியை வாய்வார்த்தையாகவே நடத்திவரும் இடங்கள் நிறைய. இவர்கள் எழுதி ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் காகிதத்தை எழுதியவர் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. தரும் மகப்பேறு விடுப்பு 26 வாரம். அதில் பிரசவத்துக்கு முன்னால் 8 வாரம் வரை எடுக்கலாம். செக்கிங்கிலும் அயர்னிலும் நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவர்கள் எட்டாம் மாதத்துக்கு மேல் நிற்க முடியாமல் அந்த 8 வாரத்தையும் எடுத்துவிடுகிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு மிஞ்சுவது 18 வாரம். தாய் மறுபடி வேலைக்கு வந்து பஞ்ச் வைக்கும் நாளில் குழந்தைக்கு நான்கு மாதமும் சில நாட்களும்தான். காப்பகம் வாங்கிக்கொள்வதோ 52 வாரத்தில். நடுவில் 34 வாரம். அந்த 34 வாரமும் குழந்தை எங்கே இருக்க வேண்டும் என்று காகிதத்தில் எழுதவில்லை.

பாலூட்டும் தாய்மாரோடு வேலை செய்யும் செவிலியரான எங்கள் கோரிக்கை ஒன்றுதான். விடுப்பு முடிந்து தாய் வேலைக்கு வரும் அன்றே அவருடைய குழந்தையைக் காப்பகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டத்தை உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 30 பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் வேண்டும் என்றது, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு. ஆறு வயதுக்கு உட்பட்ட என்றால் நான்கு மாதமும் அதில் அடக்கம். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் 50 பணியாளர் என்று வரம்பு வைத்து, நாளுக்கு நான்கு முறை தாய் போய்ப் பார்க்கலாம் என்றது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அந்த 50-உம் நான்கு முறையும் இருக்கின்றன. அந்தத் திருத்தத்துக்கு வெகுமுன்பே, 1961-இன் மூல மகப்பேறு நலச் சட்டம் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை தந்தது, வழக்கமான ஓய்வு இடைவேளை போக. இந்த ‘போக’ என்ற சொல்தான் பல ஹெச்.ஆர். மேசைகளில் தொலைந்துவிடுகிறது. “அதான் டீ பிரேக் விடறமே” என்கிறார்கள். டீ இடைவேளை டீக்கு.

அந்த டீ இடைவேளையில் என்ன நடக்கிறது என்று ஒருநாள் கடிகாரத்தோடு நின்று பாருங்கள். மணி அடித்ததும் மெஷினை நிறுத்தி, இரண்டாம் மாடியிலிருந்து இறங்கி, கேட் பக்கம் ஜெனரேட்டர் ரூமுக்கு அடுத்திருக்கும் காப்பகத்துக்குப் போக மூன்று நிமிடம். பஞ்சுத் தூசு படிந்த ஓவர்கோட்டைக் கழற்றி, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவ இரண்டு நிமிடம். குழந்தை மார் பிடித்துப் பால் இறங்கத் தொடங்க ஒரு நிமிடமோ இரண்டோ. திரும்பி மாடி ஏற மூன்று. பதினைந்து நிமிட இடைவேளையில் குழந்தைக்குக் கிடைப்பது ஐந்தாறு நிமிடம். நிறையக் குழந்தைகளுக்குப் பத்து முதல் இருபது நிமிடமாவது வேண்டும். முதலில் வருவது தண்ணியான பால், கொழுப்பு மிகுந்தது பின்னால்தான் வரும். பின்பால் வரும் நேரத்துக்கு மணி அடித்துவிடுகிறது. குழந்தை அரை வயிற்றோடு அழும். “இதுக்குத்தான் கைக்குழந்தைய வாங்கறதில்லைங்க” என்பார் சூப்பர்வைசர்.

காப்பகத்தில் குழந்தையை விட வழியில்லாத தாயின் டீ இடைவேளை இன்னும் மோசம். கழிவறையில் கை கழுவும் தொட்டி முன்னால் நின்று, பாலைப் பீய்ச்சிச் சாக்கடையில் விடுகிறார். பின்னால் வரிசை நிற்கிறது, கதவு தட்டப்படுகிறது. பதற்றத்தில் பால் இறங்காது. இது மனத்தின் பலவீனம் இல்லை. பாலை இறக்கும் ஹார்மோன் பயத்திலும் அவசரத்திலும் தடைபடும். பாதி பீய்ச்சி, மீதியை மாரிலேயே சுமந்துகொண்டு மெஷினுக்குத் திரும்புகிறார். கசிவதை உறிஞ்ச, ஜாக்கெட்டுக்குள் மடித்து வைத்திருப்பது கட்டிங் வேஸ்ட் துணி. வேலைக்கு வரும் நாட்களில் வெளிர்நிறச் சேலையோ சுடிதாரோ உடுத்துவதில்லை.

மதியத்துக்குள் மார் கல்லாகிவிடும். மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை பாலை வெளியேற்றாவிட்டால் குழாயில் அடைப்பு, அதன்மேல் சிவப்பு, குளிர் காய்ச்சல், சிலருக்குச் சீழ்க்கட்டி வரை போகும். தேங்கிய பால், சுரப்பைக் குறைக்கச் சொல்லி உடம்புக்கே செய்தி அனுப்புகிறது. சில வாரங்களில் “பால் வத்திப்போச்சுங்க சிஸ்டர்” என்று வந்து நிற்பார்கள். வற்றவில்லை. எடுக்கவிடாமல் செய்துவிட்டோம்.

காப்பகம் கட்டியிருக்கிறோமே என்பீர்கள். உண்மைதான். சுவரில் முயலும் மயிலும் வரைந்திருக்கிறது. துணி வாங்கும் பையர் ஆள் அனுப்பிச் சோதிக்கும் ஆடிட் வரும் அன்று பாய் விரித்து, பொம்மை எடுத்துவைத்து, கேண்டீன் அக்காவுக்குச் சேலை மாற்றி ஆயாவாக உட்கார வைக்கிறீர்கள். மறுநாள் அங்கே அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும். இதை ஆய்வுக்கு வரும் அதிகாரிகளும் அறிவார்கள். முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டு வரும் ஆய்வில் முயலும் மயிலும்தான் தெரியும். சொல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்து பாருங்கள்.

கைக்குழந்தையை வாங்கிக்கொள்ள என்ன வேண்டும்? பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. மூன்று கைக்குழந்தைக்கு ஒரு ஆயா, நாலுக்கு மேல் கூடாது. நடக்கும் குழந்தைகளோடு ஒரே பாயில் படுக்கவைக்கக் கூடாது, மிதிபடும். தூளி கட்டுவதானால் கொக்கி சீலிங்கில் இறுகியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பக்கத் தடுப்பு உயர்ந்த கட்டில், கெட்டி மெத்தை, தலையணை வேண்டாம், தூங்கும்போது மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். துணி மாற்றும் மேசையும் பால் வைக்கும் மேசையும் தனித்தனி. சாயமும் பஞ்சும் பறக்கும் பக்கம் ஜன்னல் திறக்கக் கூடாது. தாய்க்குச் சாய்மானம் உள்ள நாற்காலி இரண்டு, முன்னால் ஒரு திரை.

ஐம்பது கிலோமீட்டர் தள்ளி கிராமத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. ஒன்றரை ஷிப்ட் என்றால் வேன் பயணத்தோடு பதினாலு மணிநேரம் ஆகிவிடும், அதைக் கைக்குழந்தைக்காரிக்குப் போடாதீர்கள். ஒரு ஷிப்ட் என்றாலே பதினோரு மணிநேரம். அந்த நேரத்தில் நாலு மாதக் குழந்தைக்கு 300 முதல் 350 மில்லி பால் வேண்டும். தாய் அதைக் கம்பெனியில்தான் எடுத்தாக வேண்டும். அதற்கு ஒரு தனி அறை போதும், ஆறடிக்கு எட்டடி. உள்ளே தாழ்ப்பாள், கழிவறையோடு சேராத குழாயும் தொட்டியும், பம்ப் வைத்திருப்பவருக்கு ஒரு பிளக் பாயின்ட், ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். கேண்டீனில் கூல்டிரிங்ஸ் வைத்திருக்கும் ஃப்ரிட்ஜில் பாதி அளவு இருந்தால் பத்துப் பேருக்குக் காணும்.

பம்ப் இல்லையென்றாலும் கை போதும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி, கருவட்டத்துக்குப் பின்னால் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்திப் பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கிவிட வேண்டும். காம்பைப் பிடித்து இழுத்தால் புண்தான் மிச்சம். இரண்டு பக்கமும் சேர்த்து இருபது நிமிடம் ஆகும். பத்து நிமிடம் கொதிக்கவைத்த, மூடியுள்ள எவர்சில்வர் டம்ளர் போதும். சாம்பார் வாடை ஏறிய டிபன் பாக்ஸ் கூடாது. மூடியில் தாயின் டோக்கன் நம்பரும் எடுத்த நேரமும் எழுதி ஒட்ட வேண்டும்.

ஃப்ரிட்ஜை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். எடுத்த பால் 25 டிகிரி வரை இருக்கும் அறையில் நாலு மணிநேரம் தாங்கும். ஸ்டீம் அயர்ன் ஓடும் ஹாலில் 25 டிகிரி எங்கே இருக்கிறது? பத்தரைக்கு எடுத்த பால் வீடு போய்ச் சேர ஏழு மணி ஆகும். 4 டிகிரி ஃப்ரிட்ஜில் வைத்து, வேனில் ஐஸ் பேக் போட்ட பையில் கொண்டுபோனால் மறுநாளுக்கு அதுவே உணவு. இளஞ்சூட்டுப் பாலை ஏற்கெனவே குளிர்ந்த பாலில் நேராக ஊற்றாமல், குளிரவைத்துச் சேர்க்க வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்த பாலில் கொழுப்பு மேலே ஆடையாக ஒதுங்கி நிற்கும். திரிந்துபோனது என்று நினைத்து வீட்டில் பாட்டிமார் கொட்டிவிடுகிறார்கள். மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் காய்ச்சக் கூடாது, வெந்நீரில் டம்ளரை நிறுத்திவைத்தால் போதும். ஊட்டுவதற்குப் பாட்டில் எதற்கு, சங்கு இருக்கிறது. குழந்தை குடித்து வைத்த மிச்சத்தை இரண்டு மணிநேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

“ஒரு ஆள் எழுந்தா லைனே நிக்குமுங்க” என்பது அடுத்த பதில். நிற்கும்தான். ஓவர்லாக்கில் உட்கார்ந்திருப்பவர் அரைமணி எழுந்தால் அடுத்த மெஷினில் பீஸ் இராது. ஆனால் டெய்லர் லீவு போட்டால் என்ன செய்கிறீர்களோ அதையே செய்யுங்கள். எல்லா மெஷினும் ஓட்டத் தெரிந்த மாற்று டெய்லர் ஒருவர், இரண்டு லைனுக்குப் பொதுவாக. தாய்மாரின் நேரத்தைக் கால்மணி முன்பின்னாக மாற்றிவைத்தால் ஒரே ஆள் எல்லோருக்கும் ஈடுகொடுப்பார். தைத்த பீஸ் கணக்கில் கூலி வாங்கும் பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு அந்த நேரத்துக்கு அன்றைய சராசரியைப் போட்டுக்கொடுங்கள். கூலி பிடிக்கிற இடைவேளையை யாரும் எடுக்க மாட்டார்கள். விடுப்புக் காலப் பணத்தை ஈ.எஸ்.ஐ. தருகிறது. அதற்குச் சம்பளத்தில் நீங்கள் கட்டும் பங்கு 3.25 சதவீதத்தை நாங்கள் மறக்கவில்லை. காப்பகம் மட்டும்தான் உங்கள் கையில் நேரடியாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஊர் தைத்து அனுப்புவதில் கைக்குழந்தை உடுப்பு ஏராளம். மூன்று மாதச் சைஸ், ஆறு மாதச் சைஸ். ஒவ்வொரு பீஸும் நீடில் டிடெக்டர் வழியாகப் போகிறது, ஒடிந்த ஊசிமுனை எங்கோ ஒரு குழந்தையைக் குத்திவிடக் கூடாதே என்று. ஸ்னாப் பட்டனைக் கருவியில் மாட்டி இழுத்துப் பார்க்கிறீர்கள், குழந்தை பிய்த்து விழுங்கிவிடக் கூடாதே என்று. ஒடிந்த ஊசியின் துண்டுகளைப் பொறுக்கி ரெஜிஸ்டரில் ஒட்டிக் கையெழுத்து வாங்கும் அளவுக்குக் கவனம். கைக்குழந்தைக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்? அந்தச் சட்டையைத் தைக்கிறவரின் குழந்தை நாலு மாதத்தில் ராகிக்கூழ் குடித்து வயிற்றுப்போக்கோடு கிடப்பது எந்த ரெஜிஸ்டரிலும் வராது, அதற்கு ஆடிட் இல்லை.

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடி பணிவாகவே கேட்கிறோம். விடுப்பு முடிந்து வரும் தாயின் குழந்தையை, அது எத்தனை மாதமானாலும், வாங்கிக்கொள்ளுங்கள். தூரத்துத் தாய்க்குத் தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை. டீ இடைவேளை போக இரண்டு இடைவேளை, தாய் அறைக்குள் போன நேரத்திலிருந்து கணக்கு. ஆயாக்களுக்குக் கைக்குழந்தை பார்க்கவும் பால் கையாளவும் கற்றுக்கொடுக்க நாங்கள் வருகிறோம், கூலி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் சரி.

இவற்றுக்கெல்லாம் கொஞ்ச நாளாகும், தெரியும். அந்தக் காகிதத்தைக் கிழிக்க நாளாகாது. பசை காய்ந்திருந்தால் வெந்நீர் தொட்டுத் துடையுங்கள், வந்துவிடும்.

இப்படிக்கு,
பாலூட்டும் தாய்மாரோடு வேலை செய்யும் செவிலியர் சிலர்,
திருப்பூர்