ஜூன் மாதத்தில் ஹம்ப்தா கணவாய்க்கு ஆட்களை அழைத்துப் போகிறவர்களுக்கு

மதிப்பிற்குரிய மலையேற்ற நிறுவனத்தாருக்கு,

வணக்கம். வெயில் ஏற ஏற உங்கள் விளம்பரங்களும் வரத் தொடங்கிவிடுகின்றன. ‘ஜூனில் ஹம்ப்தா கணவாய். முதன்முறை வருவோருக்கு ஏற்றது. முன்அனுபவம் தேவையில்லை.’ கூடவே ஒரு காணொளி: இமாசலப் பிரதேசத்திலுள்ள அந்தக் கணவாயின் லாஹௌல் பக்கச் சரிவில் இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தபடியே பனியில் சறுக்கிக்கொண்டு வருகிறார்கள். காலணியில் மாட்டிய முள்பட்டைகளைக்கூடக் கழற்றவில்லை. அந்தக் காணொளிக்காகவே இந்த மடல்.

ஆகஸ்டில் கல்லும் மண்ணுமாகக் கிடக்கும் இறக்கம் ஜூன் முற்பாதியில் மேலிருந்து கீழ்வரை பனியாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கணவாய் ஏறத்தாழ 4,270 மீட்டர். அங்கிருந்து சியாகோரு முகாமை நோக்கி இறங்கும் அந்தச் சரிவுக்காகத்தான் கேட்கிறோம்: இரண்டு பருவத்தையும் ஒரே ‘தொடக்கநிலை’ முத்திரை குத்தி விற்காதீர்கள். ஜூன் பயணம் பனிநடை என்று பணம் வாங்கும் முன்பே எழுத்தில் சொல்லுங்கள். பனிநடைக்குரிய கருவியையும் ஆளையும் கொடுங்கள்.

அந்தச் சறுக்கலையே எடுத்துக்கொள்வோம். மழைக்கால்சட்டை அணிந்தவர் பனிமேல் உட்கார்ந்தால் துணி வழுக்கிச் சில மீட்டர்களிலேயே வேகம் பிடித்துவிடும். அப்போது பயத்தில் காலை ஊன்றுவார். மைக்ரோஸ்பைக் எனப்படும் அந்த முள்பட்டையின் முட்கள் பனியைக் கவ்விப் பாதம் நின்றுவிடும், உடம்பு நிற்காது. கணுக்கால் முறிவதும் முழங்கால் திருகுவதும் இப்படித்தான். சறுக்கும் முன் முள்பட்டையைக் கழற்ற வேண்டும் என்பது முதல் பாடம். சரிவு எங்கே போய்ச் சமதளமாக முடிகிறது என்று முழுதாகக் கண்ணில் படாத இடத்தில் உட்காரவே கூடாது என்பது இரண்டாவது. ஜூனில் அந்த முடிவிடத்தில் பாறைகள் தலைநீட்டியிருக்கும். கறுத்த பாறை வெயிலை வாங்கிச் சூடேறுவதால் அதைச் சுற்றியுள்ள பனி அடியில் உருகிப் பொந்தாகிவிடும். மேலே பார்த்தால் சமமாகத் தெரியும். மிதித்தால் தொடைவரை உள்ளே போகும். ஓடை ஓடும் பள்ளங்களிலும் இதே கதைதான். அங்கே பொந்துக்குக் கீழே தண்ணீர்.

கிளம்பும் நேரத்தையும் நீங்கள் மாற்ற வேண்டும். இரவில் இறுகிய பனி காலையில் பலகைபோல் இருக்கும். முற்பகல் தாண்டினால் சர்க்கரைக் குவியலாகிவிடும். கணவாய்க்கு முந்தைய முகாமான பாலு கா கேராவில் சிற்றுண்டி முடித்து, குழுப்படம் எடுத்து, ஏழு மணிக்கு நகரும் குழு கணவாயைத் தொடும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். அதன்பிறகுதான் பழக்கமில்லாத இருபது பேர் அந்தச் சரிவில் இறங்குகிறார்கள். ஒவ்வோர் அடிக்கும் முழங்கால்வரை புதைகிறது, காலுறை நனைகிறது, பிற்பகல் மேகம் கூடிவிடுகிறது. இருட்டோடு கிளம்ப வேண்டும். இத்தனை மணிக்குள் கணவாயை எட்டவில்லையென்றால் திரும்பிவிடுவோம் என்று முந்தைய இரவே எல்லோர் முன்னும் நேரம் குறித்துச் சொல்ல வேண்டும்.

அதிகாலையில் கிளம்பினால் மட்டும் போதாது. இறுகிய பனியில் வழுக்கி விழுந்தவரை மைக்ரோஸ்பைக் நிறுத்தாது. அது மிதமான சரிவுக்கானது, ஈரப்பனியில் பற்களுக்கிடையே உருண்டை கட்டிக்கொண்டு வழுக்கவும் செய்யும். ஊன்றுகோலாலும் நிறுத்த முடியாது. விழுந்தவர் குப்புறத் திரும்பி, பனிக்கோடரியின் அலகைத் தோளருகே பனியில் இறக்கி, மார்புப் பாரத்தை அதன்மேல் போட வேண்டும்; அதுவும் விழுந்த முதல் ஓரிரு நொடிக்குள். வழிகாட்டி ஒவ்வொருவரிடமும் பனிக்கோடரி இருக்கட்டும். செங்குத்தான பகுதியில் 50 மீட்டர் கயிறு ஒன்றை உறுதியாகக் கட்டி வையுங்கள். முன்னால் போகிறவர் காலால் உதைத்துப் படி வெட்ட, மற்றவர்கள் அதே படியில் குதிகாலை அழுத்தி இறங்கட்டும். மிதமான பனிச்சரிவில் அரைமணி நேரம் பழக்கினால் இதைக் கற்றுவிடலாம். அந்த அரைமணி உங்கள் நிகழ்ச்சிநிரலில் இல்லை.

பக்கவாட்டிலும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடியைக் கட்டாயமாக்குங்கள். பனி எதிரொளிக்கும் வெயிலில் கண் வெந்தது அப்போது தெரியாது, இரவில்தான் மணல் கொட்டியதுபோல் எரியும். மறுநாள் காலை அதே கண்ணோடு சியாகோரு ஆற்றில் இறங்க வேண்டும்.

2024 ஜூனில் உத்தராகண்டின் சகஸ்திர தால் பாதையில் மோசமான வானிலையில் சிக்கி, கர்நாடகத்திலிருந்து போன குழுவில் 9 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று விதிகள் வர 2018 மார்ச்சில் குரங்கணி எரிய வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் உயிர்போன பிறகுதானா விதி எழுதுவது? சென்னையிலும் கோவையிலும் கணினி முன்னால் உட்கார்ந்து பணம் கட்டுகிற பிள்ளைக்குப் பனியில் நடப்பது என்னவென்று தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிந்தவர் சொல்லாமல் விட்டால் அதை ஏமாற்று என்றுதான் நாங்கள் சொல்வோம்.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணவாய்க்கு யாரும் போகக் கூடாது என்பதல்ல எங்கள் எண்ணம். பசுமையான குல்லு பக்கத்திலிருந்து ஏறி வெறும் பாறையான லாஹௌலில் இறங்கும் ஒரு நாள், எவருக்கும் கிடைக்க வேண்டிய நாள்தான். வரும் பருவத்துக்கு முன், ஜூன் பயண விளம்பரத்திலிருந்து ‘தொடக்கநிலை’ என்ற சொல்லையும் அந்தச் சறுக்கல் காணொளியையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கோடரி, கயிறு, திரும்பும் நேரம் மூன்றையும் பதிவுப் படிவத்திலேயே எழுதுங்கள். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
மலைநடையில் அக்கறையுள்ள சிலர்