வெள்ளையாகவே இருந்த சதுரம்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்ததைப் படித்ததும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இங்கே அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

நீ தடுப்பூசி ஸ்டோரைப் பொறுப்பேற்றிருக்கிறாய் அல்லவா, அதனால் ஒன்று சொல்கிறேன். பயிற்சிக் காலத்திலிருந்தே நமக்கு மருந்து சூடாகிவிடுமோ என்ற பயம்தான். ஆனால் போன மாதம் ஒரு புதன்கிழமை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று, புதிதாக வந்த நர்ஸ் பெண் ஐஸ் பேக் நான்கையும் ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு தடுப்பூசி கொண்டுபோகும் கேரியரில் அடுக்கிக்கொண்டு போய்விட்டாள். அங்கன்வாடியில் திறந்தால், ஓரத்தில் இருந்த, ஐந்து நோய்களுக்கான பென்டா தடுப்பூசிக் குப்பி கல்லாக உறைந்திருக்கிறது. "அக்கா, கொஞ்ச நேரம் வெளியே வைத்தால் உருகிவிடும், போடலாமா?" என்று ஃபோனில் கேட்கிறாள், பின்னால் குழந்தைகள் அழும் சத்தம் கேட்கிறது. தொடாதே என்றேன்.

குப்பி மேலே இருக்கும், சூடு பட்டால் கறுத்துப்போகும் விவிஎம் சதுரம் வெள்ளையாகவே இருந்தது, பார், அதுதான் என்னை உலுக்கிவிட்டது. அது சூட்டைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. பென்டாவில் இருக்கும் அலுமினிய உப்பு உறைந்தால் திரண்டுவிடும், அப்புறம் உருக்கினாலும் பழைய சக்தி வராது. அதே பையில் இருந்த இன்னொரு குப்பியும் உறைந்திருந்ததா என்று பார்க்கச் சாயங்காலம் ஷேக் டெஸ்ட் செய்தேன். உறைந்ததை உருகவிட்டு, இரண்டையும் சேர்த்துக் குலுக்கி மேசையில் வைத்தால், இரண்டிலும் ஒரே வேகத்தில் திப்பிதிப்பியாக அடியில் இறங்கியது. அப்படியென்றால் அதுவும் உறைந்துபோனதுதான், அதையும் ஒதுக்கினேன். அவள் கவனிக்காமல் போட்டிருந்தால் அந்தத் தாய்க்கு எப்படித் தெரியும்? அட்டையில் தேதி விழுந்திருக்கும், பிள்ளைக்குப் பாதுகாப்பு வந்திருக்காது.

ஸ்டோரின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் இ-வின் வந்தபின், தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியான ஐஎல்ஆர் 2 டிகிரிக்குக் கீழே போனால் ஃபோனுக்குச் செய்தி வருகிறது, நல்லதுதான். ஆனால் கேரியருக்குள் என்ன நடக்கிறதென்று யாருக்குத் தெரிகிறது? பேக்கைக் கண்டிஷன் செய்யாமல், அதாவது வெளியே வைத்துக் கொஞ்சம் உருகவிடாமல், வைத்தாலும் மருந்தை உறையவிடாத கேரியர்கள் இருக்கின்றன. அடுத்த கூட்டத்தில் நீ அதைக் கேள், நானும் இங்கே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அதுவரை புதன்கிழமைகளில் விடிந்ததும் வந்து பேக்குகளை மேசையில் பரப்பிவிடுகிறேன். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும், அந்தச் சத்தம் கேட்காமல் ஒரு கேரியரும் வெளியே போவதில்லை. உங்கள் ஊரில் முதல் பஸ் எத்தனை மணிக்கு, யார் பேக் எடுத்து வைக்கிறார்கள் என்று விசாரித்து எழுது.

உன்,
மல்லிகா