நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்னால்

அன்பு மகள் மீனாவுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று போனில் நீ அழுதபோது எனக்குப் பேச்சே வரவில்லை. உன் கேக் கடையில் வேலையை விட்டுப் போன பையன், நீ பழைய கிரீமை மறுநாள் கேக்கில் தடவுகிறாய், சம்பளத்தை இழுத்தடிக்கிறாய் என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டான் என்றதும் எனக்கும் ரத்தம் கொதித்தது. ஆனால் 50 லட்சம் கேட்டு மானநஷ்ட வழக்குப் போடப்போகிறேன் என்றாயே, அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

வக்கீல் குமாஸ்தாவாக 31 வருஷம் கேஸ் கட்டுச் சுமந்தவன் நான். மானநஷ்ட வழக்கில் வாதியைத்தான் முதலில் கூண்டில் ஏற்றுவார்கள், அம்மா. எங்கள் ஆபீஸுக்கு ஒரு மளிகைக் கடைக்காரர் வந்தார். எடையில் ஏமாற்றுகிறார் என்று ஊரில் ஒருவர் பேசியதற்கு 5 லட்சம் கேட்டு வழக்கு. எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் சத்தமே போடவில்லை. எப்போதோ தராசுக்கு முத்திரை இல்லாமல் அபராதம் கட்டிய ரசீதை நீட்டி, "இது உங்கள் கையெழுத்தா?" என்று மட்டும் கேட்டார். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார். அதுவரை நாலு பேருக்குத் தெரிந்திருந்த பேச்சு அன்று சாயங்காலம் கடைவீதி முழுக்கத் தெரிந்துபோனது.

லண்டனில் நடந்த ஒரு வழக்கை எங்கள் சீனியர் அடிக்கடி சொல்வார். மெக்டொனால்ட்ஸைத் திட்டித் துண்டுப் பிரசுரம் கொடுத்த ஐந்து பேர் மேல் 1990-இல் அந்தக் கம்பெனி வழக்குப் போட்டது. மூன்று பேர் மன்னிப்புக் கேட்டு விலகினார்கள். ஹெலன் ஸ்டீல், டேவ் மோரிஸ் இரண்டு பேரும் முடியாது என்றார்கள். வக்கீல் வைக்கக் காசில்லை, தாங்களே வாதாடினார்கள். விசாரணை மட்டும் இரண்டரை வருஷம். 1997-இல் கம்பெனிக்கு 60,000 பவுண்டு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. பிரசுரத்தில் இருந்த பலதை அவர்களால் நிரூபிக்க முடியவில்லை. ஆனால் விளம்பரத்தால் குழந்தைகளைப் பயன்படுத்திக்கொள்கிறது, குறைந்த கூலி கொடுக்கிறது என்பவை உண்மை என்று அதே தீர்ப்பில் நீதிபதி எழுதினார். தெருவில் கைக்குக் கை போன காகிதத்துக்கு நீதிமன்ற முத்திரை வாங்கிக் கொடுத்தது அந்தக் கம்பெனியேதான். அந்தப் பணத்தையும் அது கடைசிவரை வசூலிக்கவில்லை.

இப்போது நான் கேட்பதற்குக் கோபப்படாதே. கிரீம் விஷயம் பொய். உன் கை சுத்தம் எனக்குத் தெரியும். சம்பளம்? போன ஐப்பசியில் அடுப்பு ரிப்பேருக்குப் பணம் போய்விட்டது, பையன்களுக்கு ஒன்றரை மாதம் கொடுக்க முடியவில்லை என்று நீதானே அம்மாவிடம் சொன்னாய்? அவன் வக்கீல் உன் பேங்க் ஸ்டேட்மென்ட்டை வரவழைப்பார். அவன் சொன்னது உண்மை என்று நிரூபித்தால் சிவில் வழக்கில் சம்பளம் பற்றிய உன் புகார் அதோடு விழுந்துவிடும். கிரீம் பற்றிய பொய்யும் அந்த உண்மையின் நிழலில் நிஜம்போலத் தெரியும். எனக்குப் பயம் அதுதான்.

செலவும் இருக்கிறது. கோர்ட் ஃபீஸ் நம் மாநிலத்தில் கேட்கும் தொகைக்கு நூற்றுக்கு மூன்று. 50 லட்சத்துக்கு 1,50,000 ரூபாய் கட்ட வேண்டும். கிரிமினலாகப் போட்டாலும் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுத்துவிட்டு வாய்தா வாய்தாவாக நீதான் அலைய வேண்டும். கடையை யார் பார்ப்பது?

அவசரம் ஒன்றும் இல்லை. அவன் எழுதிய நாளிலிருந்து ஒரு வருஷம் வரை சிவில் வழக்குப் போடலாம். அதற்குள் அவன் எழுதியதை வார்த்தை மாறாமல், தேதி, நேரத்தோடு எடுத்து வை. போன் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அதற்குச் சட்டப்படி சான்றிதழும் வேண்டும். குழுவில் பதிலுக்கு ஒரு வரிகூட எழுதாதே. அவனுக்குச் சம்பள பாக்கி ஏதாவது நின்றால் நாளைக்கே பேங்க் வழியாக அனுப்பு. அதன் பிறகு, கிரீம் பற்றிச் சொன்னதை மட்டும் திரும்பப் பெறச் சொல்லி ஒரு கடிதம் போதும். தொகை எதுவும் கேட்க வேண்டாம். அதை நானே எழுதித் தருகிறேன். உன் வக்கீல் பார்த்துத் திருத்தட்டும்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் கோயம்புத்தூர் வருகிறேன். சம்பள ரிஜிஸ்டரையும் பால் பில்களையும் எடுத்து வை. அம்மா உனக்குப் பருப்புப் பொடி அரைத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா