அடுப்ப விட்டு நகராத

ஏட்டி,

உன் வாய்ஸ் மெசேஜ மூணு தடவ போட்டு கேட்டேன். சின்னவளுக்கு வேலை கிடைச்சிருக்கு, அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருக்கு, மனசே நெறைஞ்சு போச்சு. அம்மாவ கொஞ்ச நாளைக்கு அடுப்படி பக்கம் விடாத, புகை கண்ணுக்கு ஆகாது. அப்புறம் நீ கேட்டியே, ஞாயித்துக்கிழமை போட்டோல களி மேல இறால் கிடக்கே அது என்னன்னு, அது போன்ல சொல்லி முடியாது, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

அதுக்கு பேரு ஷ்ரிம்ப் அண்ட் கிரிட்ஸ். அமெரிக்கால தெற்கு கரோலினால நாங்க இருக்குற சார்ல்ஸ்டன் பக்கம் கடலும் உப்பங்கழியும் சதுப்புமா கிடக்குற ஊரு, நம்ம தூத்துக்குடி மாதிரியே காத்துல உப்பு வாசம் வரும், இங்க மீன்பிடிக்கிற குடும்பங்கள்ல இது காலைச் சாப்பாடு. கிரிட்ஸ்னா ஒண்ணுமில்ல, வெள்ளை இல்லாட்டி மஞ்சள் மக்காச்சோளத்த கல்லுல உடைச்ச குருணை. சோளத்த இடிச்சு காய்ச்சிக் குடிக்கிற வழக்கம் இந்த மண்ணோட பூர்வகுடிகளோடது, வெள்ளைக்காரன் அவங்ககிட்ட இருந்துதான் கத்துக்கிட்டான். சார்ல்ஸ்டன்ல பழைய ஆளுங்க வெந்தத ‘ஹாமினி’ன்னுதான் சொல்லுவாங்க, கிரிட்ஸ்னா அவங்களுக்கு வேகாத குருணை, நம்ம அரிசி சோறுன்னு பிரிச்சு சொல்ற மாதிரி.

நான் முதல்ல கடைல இருந்து இன்ஸ்டன்ட் பாக்கெட் வாங்கிட்டு வந்து அஞ்சு நிமிஷத்துல கிண்டினேன், போஸ்டர் ஒட்டுற பசை மாதிரி வந்துச்சு, வாசமே இல்ல. எனக்கு இத சொல்லிக் கொடுத்தது பக்கத்து வீட்டு பாட்டி. அவங்க கல்லா கீச்சி ஜனங்க, மேற்கு ஆப்பிரிக்கால இருந்து நெல்லு வெளைவிக்க அடிமையா கொண்டு வந்தவங்களோட வாரிசு, இப்பவும் ஹைவே 17 ஓரமா ஸ்வீட்கிராஸ் புல்லுல கூடை பின்னி விக்கிறவங்க. அந்தக் காலத்துல அடிமைகளுக்கு வாரத்துக்கு அளந்து குடுத்தது சோளமாவும் குருணையும்தான், கூட என்ன வேணுமோ கழில போய் வீச்சு வலை போட்டு அவங்களே பிடிச்சுக்கணும், அப்படி சேர்ந்ததுதான் இந்த சாப்பாடுன்னு பாட்டி சொன்னப்போ எனக்கு கொஞ்ச நேரம் பேச்சே வரல. இன்னைக்கு பெரிய ஹோட்டல்ல இத தட்டுக்கு முப்பது டாலர் வச்சு விக்கிறாங்க. 1985ல வடக்கு கரோலினா சேப்பல் ஹில்ல க்ரூக்ஸ் கார்னர்ங்குற ஹோட்டல்ல பில் நீல்னு ஒருத்தர் பேக்கன் (உப்புப் போட்டு பதப்படுத்துன பன்றிக்கறி), காளான், சீஸ் எல்லாம் சேர்த்து செஞ்சத சாப்பாட்ட பத்தி எழுதுற கிரெய்க் கிளைபோர்ன் நியூயார்க் டைம்ஸ்ல எழுதுனாரு, அதுக்கப்புறம்தான் வெளியூர்க்காரங்களுக்கெல்லாம் தெரிஞ்சது. அந்த சமையலும் நல்லா இருக்கும், நான் குறை சொல்லல, ஆனா பாட்டி வீட்டு ருசி வேற.

செய்முறைக்கு வரேன். ஒரு கப் கல்லுல உடைச்ச குருணைய முந்தின நாள் ராத்திரியே தண்ணில ஊறப்போடு, மேல மிதக்குற உமிய வழிச்சு எடுத்துரு. காலைல ஒண்ணுக்கு நாலு தண்ணி, அடிகனமான சட்டி, உப்பு போட்டு கொதி வர்ற வரைக்கும் கை எடுக்காம கிண்டு, அப்புறம் தீய அடங்கி எரியிற அளவுக்கு குறைச்சுரு. முக்கா மணி நேரம், சில சமயம் ஒரு மணி நேரமே ஆகும், அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா அடி பிடிக்காம துழாவணும், இறுகுனா வெந்நி ஊத்து, பச்சத்தண்ணி ஊத்திராத. பாட்டி சொன்ன ஒரே பாடம் அடுப்ப விட்டு நகராதங்குறதுதான். உங்க ஆச்சி கம்மங்களி கிண்டும்போது பானைய ரெண்டு காலுக்கு நடுவுல வச்சு துடுப்ப அழுத்தி கிண்டுவாங்களே, நாம ஸ்கூல் விட்டு வந்து பக்கத்துல உக்காந்து பாப்போமே, எனக்கு ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஞாபகம்தான். ஆனா இது களி மாதிரி உருண்டை பிடிக்கிற பதம் இல்ல, கரண்டில இருந்து மெதுவா வழியணும். கடைசில ஒரு கை வெண்ணெய், அவ்ளோதான். சீஸ் நான் போடுறதில்ல, சோள வாசத்த அது மூடிருது.

இறால் நம்ம கைக்கு பழகுனதுதான். தலையும் ஓடும் தூக்கிப் போட்டுராத, அத வெண்ணெய்ல வதக்கி ரெண்டு கப் தண்ணி ஊத்தி இருபது நிமிஷம் கொதிக்க விட்டு வடிகட்டிக்கோ, குழம்புக்கு உசுரே அதுலதான் இருக்கு. இரும்புச் சட்டில பேக்கன முறுகவிட்டு எடுத்துட்டு (நீ அது சாப்பிட மாட்ட, வெண்ணெய் போதும்) அந்தக் கொழுப்புல வெங்காயம், பூண்டு, கொஞ்சம் மைதா போட்டு செவக்க வறுத்து அந்த தண்ணிய ஊத்தி கெட்டியாக்கு. இறால கடைசில போடு, ரெண்டு நிமிஷம், மிஞ்சிப்போனா மூணு, நெறம் மாறி லேசா வளைஞ்சதும் இறக்கிரு. எலுமிச்சை பிழிஞ்சு, வெங்காயத்தாள் தூவி, மேல டபாஸ்கோங்குற மிளகாய் சாஸ் நாலு சொட்டு. நான் மிளகு தூக்கலா போடுவேன், பாட்டியும் அத ருசிச்சு சாப்பிட்டாங்க.

இறால் விஷயத்துல ஒரு சங்கடம் இருக்கு. சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசர்ல நெறைய பாக்கெட்ல ‘இந்தியா’ன்னுதான் இருக்கும், ஆந்திரா குளத்துல வளத்த வனாமி இறால், முதல்ல பாத்தப்போ நம்ம ஊரு பேரப் பாத்த மாதிரி பெருமையா இருந்துச்சு. ஆனா இங்க பக்கத்துல ஷெம் க்ரீக்ங்குற கழில போட்ட கட்டி வச்சிருக்குற மீன்காரங்க அந்த விலைக்கு ஈடு குடுக்க முடியாம தொழில விட்டுட்டு போறத பாக்கும்போது, நம்ம ஊர்ல டீசல் விலை ஏறுனப்போ உங்கப்பா போட்ட வித்தது ஞாபகம் வருது. அதனால சீசன்ல அவங்ககிட்டயே போய் வாங்குறேன், விலை ஜாஸ்திதான், ஆனாலும் நெஜமாவே இனிக்குது.

உங்க ஊர்ல மக்காச்சோள ரவை கிடைக்கும், கிடைக்கலன்னா காஞ்ச மக்காச்சோளத்த மில்லுல குடுத்து குருணையா உடைச்சு வாங்கு, மாவா அரைச்சுர சொல்லாத. திரேஸ்புரத்துல விடியக்காலம் வர்ற இறால் போட்டு ஒரு நாள் செஞ்சு பாரு, அம்மாவுக்கு பல்லுக்கும் இதமா இருக்கும். டிசம்பர்ல நான் வர்றேன், ஆச்சியோட துடுப்பு பரண்ல இன்னும் கிடந்தா எடுத்து கழுவி வை, இங்க கொண்டு வரணும்.

உன்னோட பழைய பெஞ்ச்காரி