அரைகுறைச் சட்டத்துக்குக் கை தூக்கிய ஸ்டீவன்ஸ்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் வீட்டில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். என் மனைவிக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. தைப்பூசம் கழிந்ததும் இருவருமாகக் குழந்தையைப் பார்க்க வருகிறோம்.

அப்புறம், "அரைகுறைச் சட்டத்துக்குக் கை தூக்குகிறவன் கொள்கைக்காரனே இல்லை" என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாக தாடியஸ் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க அரசியல்வாதியைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1792இல் வெர்மான்டில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்திருந்தது. அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். அம்மாதான் பாடுபட்டுப் படிக்க வைத்தார். பென்சில்வேனியாவில் கெட்டிஸ்பர்க் ஊரில் வக்கீலானார். 1821இல் அடிமை வைத்திருந்தவர் பக்கம் வாதாடி ஜெயித்தார். விடுதலை கேட்டு வழக்குப் போட்ட சாரிட்டி பட்லர் என்ற பெண் தோற்றுப்போனார். அதே ஸ்டீவன்ஸ் பிறகு தப்பியோடி வந்த அடிமைகளுக்குக் காசு வாங்காமல் வாதாடினார்.

மாநிலச் சட்டமன்றத்தில் அவர் செய்ததில் எனக்குப் பெரிதாகத் தெரிவது பள்ளிக்கூட விஷயம். எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் படிப்பு என்று 1834இல் சட்டம் வந்தது. வரி கட்ட வேண்டுமே என்று ஜனங்கள் கொதித்தார்கள். மறு வருஷமே அதை ரத்து செய்ய மேலவை வாக்களித்துவிட்டது. கீழவையில் ஸ்டீவன்ஸ் பேசிய பேச்சுதான் அதைக் காப்பாற்றியது.

நீ கவனிக்க வேண்டியது இனிமேல்தான். 1838இல் பென்சில்வேனியாவின் புதிய அரசியலமைப்பு, வெள்ளையருக்கு மட்டுமே வாக்கு என்று சொன்னது. அதை எழுதிய மாநாட்டில் இவரும் உறுப்பினர். கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். 1866இல் அவர் வாஷிங்டனில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது, அமெரிக்க அரசியலமைப்புக்கான பதினான்காவது திருத்தம் சபைக்கு வந்தது. அமெரிக்காவில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை, சட்டத்தின் சமமான பாதுகாப்பு எல்லாம் அதில் இருந்தன. கறுப்பின மக்களுக்கு வாக்குரிமைக்கான உறுதி மட்டும் இல்லை. ஆனாலும் அந்தத் திருத்தத்துக்கு ஆதரவாகவே வாக்களித்தார். இவ்வளவு குறையுள்ளதை ஏன் ஏற்கிறீர்கள் என்றால், நான் மனிதர்கள் நடுவில் வாழ்கிறேன், தேவதூதர்கள் நடுவில் அல்ல என்று சபையிலேயே பதில் சொன்னார். குறையை மூடி மறைக்கவில்லை, பார்த்தாயா?

முதலாவது, இருந்த உரிமையைப் பறித்தது. இரண்டாவது, இல்லாததில் ஒரு பங்கைக் கொடுத்தது. அவர் மறுத்ததும் ஏற்றதும் ஒரே கொள்கையால்தான் என்பது என் கட்சி.

கிடைத்ததோடு அவர் ஓயவும் இல்லை. தென்மாநிலப் பெரிய பண்ணையார்களின் நிலத்தைப் பறிமுதல் செய்து, அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வீதம் கொடுக்க வேண்டும் என்று போராடினார். சொந்தக் கட்சிக்காரர்களே துணை நிற்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை. நிலம் கைக்கு வந்திருந்தால் பின்னாளில் அவர்களுடைய வாக்கைப் பறிப்பது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

1868 ஆகஸ்டில் இறந்தார். மற்ற இடுகாடுகளில் இனம் பார்த்ததால், எல்லாருக்கும் இடம் தந்த லங்காஸ்டரின் சிறிய இடுகாட்டைத் தாமே தேர்ந்தெடுத்து, காரணத்தையும் கல்லறையில் பொறிக்கச் செய்தார். கறுப்பின ஆண்களின் வாக்குரிமைக்கான பதினைந்தாவது திருத்தம் 1870இல்தான் வந்தது.

1866இல் அந்தச் சபையில் நீ இருந்திருந்தால் கை தூக்கியிருப்பாயா, மாட்டாயா? யோசித்து எழுது.

அன்புடன்,
சுந்தரம்